ஏஐ ஏஜென்ட் நம்ம பில்லிங் டூலை ஓட்டணும்னா டாக்குமெண்ட் எப்படி எழுதுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கும்பகோணத்துல உக்காந்துகிட்டு அரிசி மில்லு, பாத்திரக்கடை, உரக்கடைன்னு பில்லிங் டூல் எழுதிக் குடுக்குறது நம்ம பொழப்பு. கொஞ்ச நாளா எல்லாரும் "இதுல ஏஜென்ட் கனெக்ட் பண்ணிக் குடுங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பண்ணியும் குடுத்தோம். அதுக்கு டாக்குமெண்ட் எழுதும்போது பட்ட அடியை போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். இதே மாதிரி டூல் வச்சிருக்கற பசங்களுக்கும் ஆகும்.

ஏஜென்ட்னா அந்த சாட்ல பேசுறதுதானே?

பேசுறதோட நின்னா சாட். "மன்னார்குடி பார்ட்டிக்கு நேத்து போட்ட மாதிரியே ஒரு பில்லு போட்டு அனுப்பு"ன்னு சொன்னதும் அதுவா பார்ட்டியை தேடி, நேத்து பில்லை எடுத்து, புதுசா ஒண்ணு போட்டு அனுப்பிச்சா ஏஜென்ட். உள்ள இருக்கறது அதே மாடல்தான், கையில நம்ம டூலை குடுத்திருக்கோம். அந்த டூலைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்னா நாம எழுதி வச்ச வரிங்க தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.

ஏற்கனவே ஸ்கிரீன்ஷாட்லாம் போட்டு பெரிய பிடிஎஃப் மேனுவல் இருக்கே சார், அதையே குடுத்துட்டா?

நானும் மொதல்ல அதைத்தான் பண்ணேன். "மேல வலது பக்கம் பச்சை பட்டனை அமுக்கவும்"னு இருக்கற மேனுவலை வச்சு அது என்ன பண்ணும், அதுக்கு பச்சையும் கிடையாது பட்டனும் கிடையாது. ஏபிஐயை, அதாவது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராம்கிட்ட பேசுற வழியை, கூப்பிடப் போகுது, அதுக்கு எந்த விவரம் வேணும், எது கட்டாயம், என்ன திரும்பி வரும்னு மட்டும்தான் பார்க்கும்.

ஆனா பெரிய சிக்கல் அது இல்ல. மனுஷங்களுக்கு எழுதுற மேனுவல்ல பாதி விஷயம் எழுதவே மாட்டோம், ஏன்னா கடையில உக்கார்றவருக்கு அது தெரியும்னு நமக்குத் தெரியும். தெரியலைன்னா பக்கத்து சீட்ல கேட்டுக்குவார். ஏஜென்ட்டுக்கு பக்கத்து சீட் கிடையாது. தெரியாத இடத்துல நின்னு கேக்கறதுக்குப் பதிலா அதுவா ஒண்ணை வச்சுக்கிட்டு அழகா பில்லு போட்டுட்டுப் போயிடும், பார்க்க கரெக்டா வேற இருக்கும்.

அதனால நான் என்ன பண்ணேன்னா, மன்னார்குடி பக்கம் ஒரு மில்லுல கணக்கு பார்க்குற பெரியவர் ஒருத்தர் இருக்கார், முப்பது வருஷ சர்வீஸ், அவர் பக்கத்துல ஒரு நோட்டோட ரெண்டு நாள் உக்காந்துட்டேன். அவர் பில்லு போடும்போது எங்கெல்லாம் ஒரு நொடி நிக்கிறாரோ அங்கெல்லாம் "ஏங்கய்யா நின்னீங்க"ன்னு கேக்கறது. ரெண்டாவது நாள் மதியத்துக்கு மேல அவருக்கே சலிச்சுப் போயி "தம்பி, நீ டீ சாப்பிட்டுட்டு வா"ன்னு அனுப்பி வச்சுட்டார். ஆனா அந்த நோட்டுதான் இன்னிக்கு எங்க டாக்குமெண்ட்ல முக்கால்வாசி. கீழ வர்ற உதாரணம் பாதி அதுலேருந்துதான்.

சரி, எழுத எங்கேருந்து ஆரம்பிக்கறது?

டூல் டிஸ்கிரிப்ஷன்லேருந்து. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி வெளியிட்ட எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், ஏஐயை வெளி டூலோட கோக்கற பொது முறை, இப்ப நிறைய பேர் அதைத்தான் யூஸ் பண்றாங்க. அதுல ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேரு, ஒரு விளக்கம், என்ன உள்ளீடு வேணும்னு ஒரு ஸ்கீமா, இந்த மூணும் இருக்கும். எந்த டூலைக் கூப்பிடலாம்னு ஏஜென்ட் முடிவு பண்றது பெரும்பாலும் அந்த விளக்கத்தைப் படிச்சுத்தான். அங்க நம்மாளுங்க எழுதுறது "இன்வாய்ஸ் உருவாக்கும்"னு ஒரு வரி. நானும் அப்படித்தான் வச்சிருந்தேன்.

இப்ப எங்ககிட்ட இருக்கறது கிட்டத்தட்ட இப்படி: "வரி உள்ள சரக்குக்கு டிராஃப்ட் இன்வாய்ஸ் போடும். நம்பர் விழாது, பார்ட்டிக்குப் போகாது. வரி இல்லாத சரக்கு மட்டும்னா இதைக் கூப்பிடாத, பில் ஆஃப் சப்ளை டூலைக் கூப்பிடு. பார்ட்டி ஐடி கட்டாயம், பேரை வச்சுப் போட முடியாது, ஐடி தெரியலைன்னா மொதல்ல பார்ட்டி தேடுற டூலைக் கூப்பிடு. ஏற்கனவே போட்ட பில்லைத் திருத்த இதை யூஸ் பண்ணாத."

எப்ப கூப்பிடக் கூடாதுங்கற வரிதான் இதுல நெஜமா வேலை செய்யற வரி. அதைச் சேர்த்த பிறகுதான் தப்பு டூலைக் கூப்பிடறது குறைஞ்சுது.

அரிசிக்கு வரி போடறதுல அடிக்கடி குழப்புது, அதுக்கு என்ன எழுதணும்?

இது நம்ம டெல்டா ஸ்பெஷல். 2022 ஜூலை 18லேருந்து பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. 25 கிலோவுக்கு மேல போனா கிடையாது. அதனாலதான் கடைக்குக் கடை 26 கிலோ மூட்டை வந்து உக்காந்துச்சு, உங்க வீட்டு மூட்டையைத் திருப்பிப் பாருங்க. ஆக ஒரே அரிசி, ஒரே மில்லு, 25 கிலோன்னா டாக்ஸ் இன்வாய்ஸ், 26 கிலோன்னா பில் ஆஃப் சப்ளை. ரெண்டும் கலந்து வாங்கினா? பதிவு இல்லாத ஆளுன்னா ரெண்டையும் சேர்த்து ஒரே பில்லா குடுக்கலாம், ஜிஎஸ்டி பதிவு இருக்கறவர்னா தனித்தனியா போடணும்.

இது எதுவும் ஸ்கீமாவுல தெரியாது. ஸ்கீமாவுல "அளவு: எண்" அப்படின்னு மட்டும் இருந்துச்சு. கடை முதலாளி "பத்து மூட்டை பொன்னி"ன்னு சொன்னா அளவு 10, யூனிட் மூட்டைன்னு போட்டுடும், எந்த மூட்டை? நெல்லு கொள்முதல் நிலையத்துல மூட்டைன்னா 40 கிலோ, வெளி வியாபாரியைக் கேட்டா வேற கணக்கு சொல்வார், அரிசின்னா 25ஆ 26ஆ. இப்ப டாக்குமெண்ட்ல தெளிவா எழுதி வச்சிருக்கோம், மூட்டைன்னு சொன்னா எடை கட்டாயம், முதலாளி சொல்லலைன்னா ஐட்டம் மாஸ்டர்ல, அதாவது சரக்கு லிஸ்ட்ல, அந்தச் சரக்குக்கு இருக்கற எடையை எடு, அதுலயும் ரெண்டு எடை இருந்தா நிறுத்திட்டுக் கேளு, நீயா முடிவு பண்ணாத.

வரி சதவீதத்தையெல்லாம் டாக்குமெண்ட்லயே டேபிளா போட்டுடலாமா? அது ஈஸியா இருக்குமே.

வேணாம். நான் போட்டேன், 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ஸ்லாப் மாறுச்சு, 12 சதவீதத்துல இருந்தது பெரும்பாலும் 5க்கு வந்துடுச்சு, டூல் உள்ள நாங்க ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டோம், டாக்குமெண்ட்ல இருந்த டேபிளை மறந்துட்டோம். ஏஜென்ட் ரெண்டையும் பார்த்துட்டு டாக்குமெண்ட்டை நம்பி 12 சதவீதம்னு அனுப்புது, டூல் 5னு திருப்பி அடிக்குது, பார்க்க நல்ல வேடிக்கை. விலை, வரி, எச்எஸ்என் (சரக்கு வகைக்கான ஜிஎஸ்டி குறியீடு) இந்த மாதிரி மாறுற விஷயம் எதையும் டாக்குமெண்ட்ல எழுதாதீங்க, "இந்த டூலைக் கூப்பிட்டு எடு"ன்னு மட்டும் எழுதுங்க. நான் மேல 25 கிலோ கணக்கு எழுதினது உங்களுக்குப் புரியறதுக்கு.

காரைக்கால் பார்ட்டிக்கு ஏன் தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க?

நாகூர் தாண்டினா வாஞ்சூர், அதோட தமிழ்நாடு முடிஞ்சுது. சுத்தி நம்ம ஊரா இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்க சரக்கு போனா மாநிலத்துக்குள்ள ரெண்டா பிரிச்சுப் போடற சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கிடையாது, மாநிலம் தாண்டினா ஒண்ணா போடற ஐஜிஎஸ்டி. நம்ம ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்கும், அங்க 34. கும்பகோணத்துல யாரைக் கேட்டாலும் தெரியும்.

ஏஜென்ட் என்ன பண்ணுச்சுன்னா, பதிவு இல்லாத ஒரு பார்ட்டி, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, அட்ரஸ்ல மாநிலம்னு போடற இடம் காலி, பின்கோடு மட்டும் இருக்கு. 609 அப்படின்னு ஆரம்பிக்குது. மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. பின்கோடைப் பார்த்து தமிழ்நாடுன்னு முடிவு பண்ணி ரெண்டா பிரிச்சு வரி போட்டுடுச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, அவ்ளோ விவரம் தெரிஞ்ச மாடலே இந்த இடத்துலதான் வழுக்கும். இப்ப மாநிலம் கட்டாயம்னு மாத்திட்டு, "பின்கோடை வச்சு மாநிலத்தை ஊகிக்காத"ன்னு ஒரு வரி, அதோட இந்த ரெண்டு பின்கோடையும் உதாரணமா போட்டு வச்சாச்சு. சும்மா ஊகிக்காதன்னு எழுதறதை விட, ஊகிச்சா எப்படி மாட்டும்னு ஒரு உதாரணம் இருந்தா மாடல் நல்லா கேக்குது, இது என் அனுபவம்.

இ-வே பில்லும், அதாவது சரக்கு அனுப்ப ஆன்லைன்ல எடுக்கற சீட்டும், இதோட சேர்ந்தது. தமிழ்நாட்டுக்குள்ளன்னா 1 லட்சத்துக்கு மேல போனாத்தான் வேணும், மாநிலம் தாண்டினா 50,000. எழுபதாயிரத்துக்கு பாத்திரம் திருவாரூர் போனா வேணாம், காரைக்கால் போனா வேணும்.

முதலாளி தமிழ்ல வாய்ஸ்ல சொல்றார், ரேட்டைத் தப்பா எடுக்குது. என்ன பண்ண?

என்ன சொன்னார்னு பாருங்க. "பதினாலு ஐம்பது"ன்னு சொல்லியிருப்பார். நமக்கு அது 1450. அதுக்கு 14.50. "எட்டு ஐநூறு"ன்னா 8,500, "ஒண்ணேமுக்கா"ன்னா 1,75,000மா 1,750ஆ அது சரக்கைப் பொறுத்து. இதுக்கு ஒரு சின்ன அகராதி எழுதி டாக்குமெண்ட்ல சேர்த்தேன், ஒரு பக்கம்தான், ஆனா அதைப் போட்ட பிறகுதான் கடை முதலாளிங்க நிம்மதியா பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கத்துலயே "பாக்கி"யும் இருக்கு, பணப் பாக்கியும் உண்டு, இன்னும் டெலிவரி ஆகாத சரக்குப் பாக்கியும் உண்டு, எது எப்பன்னு எழுதணும். கடைசியா ஒரு பாதுகாப்பு: பழைய பில்லு ரேட்டுக்கும் இப்ப வந்த ரேட்டுக்கும் ரொம்ப தூரம்னா நிறுத்திக் கேளு.

தொகையை ரூபாய்ல அனுப்பணுமா பைசாவுலயான்னும் எழுதிடுங்க. பேமென்ட் கேட்வே ஏபிஐங்க சிலது பைசாவுல கேக்கும், அந்தப் பழக்கத்துல நம்மகிட்டயும் நூறால பெருக்கி அனுப்பும்.

தேதி?

வருஷம்-மாசம்-நாள், வேற எதையும் வாங்காதீங்க. 03-04-2025னு வந்தா ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ? ஒண்ணு புது நிதியாண்டு, ஒண்ணு பழசு. பில்லு நம்பர் சீரிஸே மாறிடும்.

நெட்டு போயி வந்ததும் ஒரே பில்லு மூணு தடவை விழுந்துடுச்சு. ஏஜென்ட் தப்பா டூல் தப்பா?

டாக்குமெண்ட் தப்பு. எனக்கு நடந்தது சொல்றேன். சம்பா அறுவடை நேரம், மில்லுல ஒரே கூட்டம், சாயங்காலம் மழை, லைன் விட்டு விட்டு வருது. ஏஜென்ட் பில்லு போட்டுச்சு, எங்க சர்வர்ல விழுந்துடுச்சு, பதில் திரும்பிப் போறதுக்குள்ள நெட்டு கட். அதுக்கு "டைம்அவுட்"னு தெரிஞ்சுது, ஃபெயில் ஆயிடுச்சுன்னு நெனச்சு மறுபடி போட்டுச்சு. மறுபடி கட். மூணாவது தடவை போயிடுச்சு. லாரிக்காரர் கையில ஒரு பில்லு, சிஸ்டத்துல மூணு, முதலாளி எனக்குப் போன்ல பேசினதை இங்க எழுத முடியாது.

வைத்தியம் என்னன்னா ஐடெம்பொட்டன்சி கீ. ஒவ்வொரு பில்லு கோரிக்கைக்கும் ஏஜென்ட் ஒரு தனி அடையாளம் போட்டு அனுப்பணும், மறுபடி முயற்சி பண்ணும்போது அதே அடையாளம், அதே அடையாளம் ரெண்டாவது தடவை வந்தா டூல் புதுசா போடாம பழைய பில்லையே திருப்பிக் குடுக்கும். எங்க டூல்ல அது மொதல்லேருந்தே இருந்துச்சுங்க, அதுதான் கொடுமை. டாக்குமெண்ட்ல "விருப்பம் இருந்தால்"னு ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். விருப்பம்னா அது ஏன் அனுப்பப் போகுது. இப்ப கட்டாயம், அதுக்கு மேல "டைம்அவுட் ஆனா ஃபெயில்னு எடுத்துக்காத, மொதல்ல அதே கீயை வச்சுத் தேடு"ன்னு ஒரு வரி.

போட்ட பில்லை ஏஜென்ட்டே அழிச்சா என்ன ஆகும்?

அழிக்கற டூலே நாங்க அதுகிட்ட குடுக்கலை. பில்லு நம்பர் வரிசையா ஓடணும், ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது, மொத்தம் 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது, இது ஜிஎஸ்டி விதி. நடுவுல ஒண்ணை அழிச்சா ஆடிட்டர் கேப்பார்.

இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டல்ல பதிவு பண்ற முறை, இருக்கற கடைன்னா இன்னும் கவனம். 2023 ஆகஸ்ட் 1லேருந்து வருஷ டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல போற பெரும்பாலானவங்களுக்கு அது உண்டு. போர்ட்டல்ல ஐஆர்என், அதாவது அந்த பில்லோட பதிவு நம்பர், வாங்கிட்டா 24 மணி நேரத்துக்குள்ளதான் கேன்சல் பண்ண முடியும், கேன்சல் ஆன நம்பரை மறுபடி யூஸ் பண்ண முடியாது, நேரம் தாண்டிட்டா கிரெடிட் நோட்தான். அதனால எங்க டாக்குமெண்ட்ல மொதல் பக்கமே "திரும்ப எடுக்க முடியாத வேலைகள்"னு தலைப்பு. மூணே மூணு: பில்லை ஃபைனல் பண்றது, ஐஆர்என் வாங்குறது, பார்ட்டிக்கு அனுப்புறது. மூணுக்கும் முன்னாடி மொத்தத் தொகை, பார்ட்டி பேரு, ஊரு மூணையும் முதலாளிகிட்ட காட்டி சரின்னு வாங்கணும். எம்சிபில டூலுக்கு அடையாளக் குறிப்பு வைக்கலாம், இது படிக்க மட்டும், இது அழிக்கக் கூடியதுன்னு, அதையும் வச்சிருக்கோம், ஆனா அது வெறும் குறிப்புதான். நெஜமான பூட்டு சர்வர்ல இருக்கணும். ஏஜென்ட் டூலுக்குள்ள வர்றதுக்குக் குடுத்த ஏபிஐ கீக்கு (இது வேற கீ) டிராஃப்ட் வரைக்கும்தான் பர்மிஷன். டாக்குமெண்ட்ல "செய்யாதே"ன்னு எழுதிட்டு கீயில எல்லாத்தையும் தொறந்து வச்சா வாசக்கதவுல பூட்டு படம் வரைஞ்ச மாதிரி.

ஒரே பேர்ல நிறைய பார்ட்டி இருந்தா?

எங்க டூல் வாங்கின ஒரு கடையோட பார்ட்டி லிஸ்ட்ல முருகன் பேர்ல ஸ்டோர்ஸ் வச்சிருக்கறவங்க மட்டும் ஏழு பேர். பாபநாசத்துல ஒண்ணு, நீடாமங்கலத்துல ரெண்டு. தேடுற டூல் ஒண்ணுக்கு மேல குடுத்தா ஊரோட, கடைசி பில்லு தேதியோட லிஸ்ட் காட்டிக் கேக்கணும்னு எழுதுங்க. முதல்ல வந்ததை எடுத்துக்கறதுதான் அதோட பழக்கம்.

எரர் மெசேஜும் டாக்குமெண்ட்டா?

பின்ன? மனுஷன் எரரைப் பார்த்தா நமக்குப் போன் பண்ணுவான், ஏஜென்ட் அதைப் படிச்சுட்டு அடுத்த அடியை வைக்கும். "தவறான உள்ளீடு 400"னு வந்தா எதையாவது மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டே இருக்கும். "மாநிலம் காலியா இருக்கு, பார்ட்டி ஐடி சரி, பார்ட்டி திருத்துற டூல்ல மாநிலம் சேர்த்துட்டு இதையே மறுபடி அனுப்பு, ஐடெம்பொட்டன்சி கீயை மாத்தாத"ன்னு வந்தா ஒரே தடவைல முடிச்சுடும். என்ன தப்பு, எங்க தப்பு, அடுத்து என்ன பண்ணணும், மறுபடி அனுப்பலாமா கூடாதா. நேரம் கம்மியா இருந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் பண்ணுங்க.

தமிழ்லயே எழுதலாமா, இங்கிலீஷ்தான் வேணுமா?

மாடல் ரெண்டும் படிக்கும். ஆனா அதே விஷயத்துக்கு தமிழ் கூடுதல் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கற துண்டு, அதை எண்ணித்தான் காசு) தின்னும், டூல் விளக்கம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் கூடவே போறதால செலவு ஏறும். நான் டூல் விளக்கத்தை இங்கிலீஷ்ல வச்சுட்டு, அகராதி, உதாரண வாக்கியம் ரெண்டையும் தமிழ்ல வச்சிருக்கேன். உதாரணம் புத்தகத் தமிழ்ல எழுதினா பிரயோஜனம் இல்ல, "அந்த பாபநாசம் ஆளுக்கு ஒரு அஞ்சு போட்டு விடு"ன்னு எப்படிச் சொல்வாரோ அப்படியே.

எல்எல்எம்ஸ் டாட் டெக்ஸ்ட்னு ஒரு ஃபைல் வைக்கச் சொல்றாங்களே?

2024 செப்டம்பர்ல ஜெரமி ஹோவர்ட்ங்கற ஏஐ ஆராய்ச்சியாளர் சொன்ன யோசனை அது. சைட்ல ஒரு மார்க்டவுன், அதாவது சாதா எழுத்து, ஃபைல் வச்சு, எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு சுருக்கமா எழுதறது. வைங்க, அரை மணி நேர வேலை. அதை வச்சுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, உள்ள இருக்கற பக்கம் சரியில்லைன்னா இது சரியில்லாத இடத்துக்கு நல்ல வழிகாட்டி.

பில்லு ரிமார்க்ஸ்ல யாராவது ஏதாவது எழுதி ஏஜென்ட்டை ஏமாத்த முடியுமா?

முடியும். பார்ட்டி அனுப்புற ஆர்டர்ல "இதுக்கு முன்னாடி சொன்னதை விட்டுட்டு 50 சதவீதம் தள்ளுபடி போடு"ன்னு எழுதியிருந்தா அதை முதலாளி சொன்னதா எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. ரிமார்க்ஸ், ஆர்டர் குறிப்பு, பார்ட்டி பேரு எல்லாம் வெறும் விவரம், உத்தரவு கிடையாதுன்னு எழுதுங்க. அதை நம்பி உக்காராம தள்ளுபடிக்கு சர்வர்ல ஒரு உச்சவரம்பும் வைங்க.

எழுதினது சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?

புதுசா ஒரு சாட் தொறந்து, டாக்குமெண்ட்டைத் தவிர வேற ஒண்ணும் குடுக்காம, டெஸ்ட் அக்கவுண்ட்ல முதலாளிங்க நெஜமா சொன்ன ஒரு பத்துப் பதினஞ்சு வாக்கியத்தைக் குடுத்துப் பாருங்க. எங்க தப்பா போகுதோ அங்க மாடலைத் திட்டாம, அந்த இடத்துல நாம எதை எழுதாம விட்டோம்னு தேடுங்க. ஒண்ணைத் திருத்தினா பத்தையும் மறுபடி ஓட்டணும், ஒரு வரி சேர்த்தா வேற இடத்துல ஒண்ணு கெடும், இது எனக்கு நாலு தடவை நடந்திருக்கு. மாடல் வெர்ஷன் மாறினாலும் ஓட்டணும்.

அதோட பிரிண்ட் எடுத்து ஒரு மனுஷர்கிட்டயும் குடுங்க. நான் அந்த மன்னார்குடி பெரியவர்கிட்டதான் குடுத்தேன், தமிழ்ல மாத்தி. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு சிவப்புப் பேனால ஒரே ஒரு இடத்துல வட்டம் போட்டுத் திருப்பிக் குடுத்தார். அரிசிக்கு எச்எஸ்என் 1006னு உதாரணத்துல போட்டிருந்தேன். "குருணையும் அதுலதான் வரும் தம்பி, ஆனா ஆறு இலக்கம் போடறவங்களுக்கு குருணை 100640, உன் ஏஜென்ட் ரெண்டையும் ஒண்ணா எழுதும்"னார். அன்னிக்கு சாயங்காலமே ஓட்டிப் பார்த்தேன். எழுதுச்சு.